தேயிலையைக் கடலில் கொட்டியவர்களும் ஒரு சின்னப் புத்தகமும்



எமது வாசிப்பறைக்கு (பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் உள்ள பழைய ஸ்டோர் அறைதான், பெயர் மட்டும் வாசிப்பறை) மாலையில் பாடம் படிக்க வரும் பிள்ளைகளில் ஒருத்தி, சில கிழமைகளுக்கு முன் சரித்திரப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "சேர், அமெரிக்காவில தேயிலைப் பெட்டியை எல்லாம் கடல்ல கொட்டினாங்களாமே, அது எங்க தோட்டத்துத் தேயிலையா?" என்று கேட்டாள். கொழுந்து நிறுத்துவிட்டு, மகளைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற அவளுடைய தாய், "எவ எடுத்த கொழுந்தோ, பாவம்" என்றார்.

அது எங்கள் கொழுந்து இல்லை. அந்தச் சம்பவம் நடந்த 1773ஆம் ஆண்டில் இந்த நாட்டில் தேயிலைத் தோட்டம் என்ற ஒன்றே கிடையாது. ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டது 1867இல். பொஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்டது சீனாவில் இருந்து கிழக்கிந்தியக் கம்பனிக்காரர்கள் ஏற்றிவந்த தேயிலை. இப்படிப் பதில் சொல்லிப் பிள்ளையை அனுப்பிவிட்டோம். ஆனால் மனதில் ஒரு குறை இருந்தது. தேயிலை கொட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்த ஒரு சின்னப் புத்தகத்தின் கதை அவ்வளவாகத் தெரியாது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் ஒரு காலத்தில் சம்பள உயர்வு கேட்டுப் பெட்டிசம் எழுதிய மனிதர். ஆகவே அவருடைய கதையை எமது வாசகர்களுக்குச் சொல்லுவது பொருத்தம் என்று நினைக்கிறோம்.

மூன்று பென்ஸ் வரி

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிரித்தானியாவுக்குச் சொந்தமான 13 குடியேற்ற நாடுகள் இருந்தன. 1763இல் பிரெஞ்சுக்காரரோடு நடந்த பெரிய யுத்தம் முடிந்தது. யுத்தத்தில் வென்றாலும் பிரித்தானியாவுக்குக் கடன் தலைக்கு மேல் ஏறியிருந்தது. அந்தக் கடனில் ஒரு பங்கை அமெரிக்காவில் உள்ளவர்களும் கட்ட வேண்டும் என்று லண்டன் பாராளுமன்றம் தீர்மானித்தது. 1765இல் முத்திரை வரி வந்தது. கடதாசி, பத்திரிகை, உறுதிப்பத்திரம் எல்லாவற்றுக்கும் முத்திரை ஒட்ட வேண்டும். பெரிய எதிர்ப்புக் கிளம்பியதால் அடுத்த வருஷமே அதை வாபஸ் வாங்கினார்கள். 1767இல் கண்ணாடி, பெயின்ட், கடதாசி, தேயிலை ஆகியவற்றுக்கு வரி போட்டார்கள். அதற்கும் எதிர்ப்பு. 1770இல் மற்றவற்றை எடுத்துவிட்டுத் தேயிலை வரியை மட்டும் விட்டுவைத்தார்கள். ஒரு றாத்தலுக்கு 3 பென்ஸ்.

பணம் பெரிதில்லை. "எங்களுக்கு உங்கள் பாராளுமன்றத்தில் ஒரு ஆள் கூட இல்லை, எங்களைக் கேட்காமல் எங்களுக்கு எப்படி வரி போடலாம்?" என்பதுதான் சண்டை.

இதற்கிடையில் கிழக்கிந்தியக் கம்பனியின் களஞ்சியங்களில் சுமார் 1 கோடி 70 இலட்சம் றாத்தல் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. கம்பனியைக் காப்பாற்ற 1773இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கம்பனி நேரடியாக அமெரிக்காவுக்குத் தேயிலை அனுப்பலாம், விலையும் குறையும், ஆனால் அந்த 3 பென்ஸ் வரி இருக்கும். மலிவு விலைத் தேயிலையைக் குடித்தால் வரியை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று அங்குள்ளவர்கள் கண்டுகொண்டார்கள். 1773 டிசம்பர் 16 இரவு, பூர்வீகக் குடிகள் போல வேஷம் போட்ட ஆட்கள் பொஸ்டன் துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினார்கள். 90,000 றாத்தலுக்கு மேல். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அரைக் கிலோவுக்கு வாக்குவாதப்படுகிற நமக்கு இந்தக் கணக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

பதிலுக்குப் பிரித்தானியா பொஸ்டன் துறைமுகத்தையே மூடியது. 1775 ஏப்ரலில் லெக்சிங்டன் என்ற ஊரில் துப்பாக்கி வெடித்தது. யுத்தம் தொடங்கிவிட்டது.

இங்கேதான் ஒரு விநோதத்தைக் கவனிக்க வேண்டும். யுத்தம் தொடங்கிய பிறகும் பெரும்பாலானவர்கள் "எங்களுக்குத் தனி நாடு வேண்டும்" என்று சொல்லவில்லை. ராஜா மூன்றாம் ஜோர்ஜ் நல்லவர், சுற்றியிருக்கும் மந்திரிமார்தான் கெட்டவர்கள், உண்மை தெரிந்தால் ராஜா நியாயம் செய்வார் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 1775 ஜூலையில் ராஜாவுக்குப் பணிவாக ஒரு பெட்டிசமும் அனுப்பினார்கள். "பெரிய துரை நல்ல மனுஷன், கீழே உள்ளவங்கதான் அவர் காதுக்குப் போக விடுறதில்ல" என்று எங்கள் அப்பா காலத்து ஆட்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசுவார்களே, அதே பேச்சுத்தான். ராஜா அந்தப் பெட்டிசத்தை வாங்கவே மறுத்துவிட்டார். ஆகஸ்டில் அவர்களைக் கலகக்காரர் என்று பிரகடனம் செய்தார்.

அப்படியும் "ராஜா வேண்டாம்" என்று பகிரங்கமாகச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சொன்னது ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர்.

தோற்றுப்போன மனிதர்

தோமஸ் பெயின் 1737இல் இங்கிலாந்தில் தெட்போர்ட் என்ற சிறு பட்டணத்தில் பிறந்தவர். தகப்பன் செய்த தொழில் அந்தக் காலப் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளுடை தைப்பது. திமிங்கிலத்தின் வாயில் இருந்து எடுக்கும் பட்டைகளைத் துணிக்குள் வைத்துத் தைக்கிற வேலை. பெயினைச் சுமார் 13 வயது வரை படிக்க வைத்தார்கள். அதன் பிறகு தகப்பனிடமே தொழில் பழகினார். கொஞ்ச நாள் கப்பலில் போனார். கலியாணம் கட்டினார், ஒரு வருஷத்துக்குள் மனைவி இறந்துவிட்டார். பிறகு மதுவரி உத்தியோகம் கிடைத்தது. ஊர் ஊராகக் குதிரையில் போய் பீர், சாராயப் பீப்பாய்களை அளந்து வரி குறிக்க வேண்டும். ஒருதரம் சரக்கைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதிவிட்டார் என்று வேலையால் நிறுத்தினார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதி மறுபடி சேர்ந்தார். அவர் செய்தது பிழைதான், மறைக்கத் தேவையில்லை.

லூயிஸ் என்ற ஊரில் வேலை செய்த காலத்தில்தான் முதல்முதலாகப் பேனா பிடித்தார். மதுவரி உத்தியோகத்தருக்குச் சம்பளம் வருஷத்துக்கு 50 பவுண். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வரி, குதிரைத் தீனி, பயணச் செலவு எல்லாம் கழித்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 1 ஷில்லிங் 9 பென்ஸ் சொச்சம்தான் மிச்சம் என்று அவர் கணக்குக் காட்டினார். சம்பளத் துண்டில் மேலே ஒரு தொகையும் கீழே ஒரு தொகையும் பார்த்துப் பழகிய எமது வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வயிறு காய்ந்தவனிடம் போய் இலஞ்சம் வாங்காதே என்று சொல்லி என்ன பிரயோசனம், ஒழுங்கான சம்பளம் கொடுத்தால் ஒழுங்கும் வரும் என்பது அவருடைய வாதம். 1772இல் எழுதிய அந்தப் பெட்டிசத்தை 4,000 பிரதிகள் அச்சடித்து, ஒரு மாரி காலம் முழுவதும் லண்டனில் தங்கிப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. 1774இல் அனுமதியில்லாமல் வேலைக்கு வராமல் இருந்தார் என்று வேலை போனது. வைத்திருந்த புகையிலைக் கடையின் சாமான்கள் கடனுக்காக ஏலத்தில் போயின. இரண்டாவது மனைவியும் அவரும் பிரிந்துவிட்டார்கள். 37 வயதில் கையில் ஒன்றுமில்லை.

லண்டனில் பெஞ்சமின் பிராங்ளின் என்ற அமெரிக்கப் பெரியவரின் பழக்கம் கிடைத்திருந்தது. அவர் கொடுத்த அறிமுகக் கடிதம் ஒன்றோடு கப்பல் ஏறினார். கப்பலில் காய்ச்சல் பரவி, 1774 நவம்பர் 30 பிலடெல்பியாவில் இறங்கியபோது நடக்கவும் முடியாமல் தூக்கிக்கொண்டுதான் இறக்கினார்கள். அக்கரைச் சீமைக்குப் போகிறோம் என்று கப்பலேறிய எங்கள் முப்பாட்டன்மாரின் கதை கேட்டவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. அந்தக் கடிதம் இருந்ததால் அவரைப் பார்க்க ஆள் இருந்தது. உடம்பு தேறி, ஒரு புத்தகக் கடைக்காரர் நடத்திய சஞ்சிகையில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

புத்தகம் பிறந்த விதம்

அந்தப் புத்தகக் கடைக்கு வந்து போனவர்களில் பெஞ்சமின் ரஷ் என்ற இளம் டொக்டர் ஒருவர். பிரித்தானியாவைவிட்டுப் பிரிய வேண்டும் என்று எழுத அவருக்கே ஆசை. ஆனால் பிலடெல்பியாவில் பிறந்து வளர்ந்தவர், நோயாளிகள், சொந்தபந்தம் எல்லாம் அங்கே. எழுதினால் பிழைப்பு கெட்டுவிடுமோ என்ற பயம். உங்களுக்கு இங்கே இழக்க என்ன இருக்கிறது, நீங்கள் எழுதுங்கள் என்று பெயினைத் தூண்டினார். அதோடு ஒரு புத்திமதியும் சொன்னார்: 'சுதந்திரம்' என்ற சொல்லையும் 'குடியரசு' என்ற சொல்லையும் மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள் என்று. பெயின் தலையாட்டிவிட்டு அந்த இரண்டைப் பற்றியே எழுதினார்.

எழுத எழுதப் பகுதி பகுதியாக ரஷ்ஷிடம் வாசித்துக் காட்டினாராம். அச்சடிக்க ஒப்புக்கொண்டவர் றொபேட் பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். தலைப்புக் கொடுத்ததும் தானே என்று ரஷ் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். 'கொமன் சென்ஸ்' என்பது அந்தத் தலைப்பு. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எங்கள் வாசிப்பறையில் ஒரு விவாதமே நடந்தது. 'பொது அறிவு' என்றால் பரீட்சைப் பாடம் மாதிரி இருக்கிறது. படித்தவன் படிக்காதவன் எல்லோருக்கும் பொதுவாக உள்ள சாதாரண புத்தி என்று வைத்துக்கொள்ளலாம். "மனுஷனுக்கு இது கூடவா விளங்காது?" என்று நாம் கேட்கும்போது எதை நினைத்துக் கேட்கிறோமோ, அது.

1776 ஜனவரி 10இல் புத்தகம் வெளிவந்தது. ஐம்பது பக்கத்துக்குள். விலை இரண்டு ஷில்லிங். எழுதியவர் பெயர் இல்லை. பெயர் போட்டால் தேசத்துரோகம் என்று கழுத்துக்கே வந்துவிடும். முதல் ஆயிரம் பிரதிகள் சில நாட்களிலேயே முடிந்தன. அதே நாட்களில் பிலடெல்பியாவுக்கு இன்னொரு கடதாசியும் கப்பலில் வந்து சேர்ந்தது. கலகக்காரரை அடக்குவோம் என்று ராஜா ஒக்டோபரில் பாராளுமன்றத்தில் பேசிய பேச்சு. நல்ல ராஜா என்ற நம்பிக்கை ஒரு பக்கம் உடைய, ராஜாவே வேண்டாம் என்ற புத்தகம் மறுபக்கம் கையில் கிடைத்தது. இப்படி ஒரு பொருத்தம் பெயினே திட்டம் போட்டாலும் அமையாது.

காசு விஷயத்தில் அச்சகக்காரருக்கும் அவருக்கும் சண்டை வந்தது. இலாபத்தில் தன் பாதியைக் குளிரில் கியூபெக் பக்கம் சண்டைக்குப் போன படையினருக்குக் கையுறை வாங்கக் கொடுக்க வேண்டும் என்பது பெயினின் விருப்பம். இலாபமே இல்லை என்று பெல் கையை விரித்தார். பெயின் வேறு அச்சகத்துக்குப் போய், இன்னும் சில பக்கங்கள் சேர்த்து, தன் செலவில் 6,000 பிரதிகள் அடிப்பித்து விலையை ஒரு ஷில்லிங்காகக் குறைத்தார். பெல்லும் விடவில்லை, தன் பதிப்பைத் தொடர்ந்து விற்றார். இரண்டு பேரும் பத்திரிகையில் மாறிமாறித் திட்டிக்கொண்டார்கள். அந்தத் திட்டும் புத்தகத்துக்கு விளம்பரமாகப் போய்விட்டது. வேறு ஊர்களில் உள்ள அச்சகங்களும் அடிக்கத் தொடங்கின. அந்த ஒரு வருஷத்தில் சுமார் 25 பதிப்புகள் வந்தன. ஜெர்மன் பேசும் குடியேறிகளுக்காக ஜெர்மன் மொழியிலும் வந்தது. மூன்று மாதத்தில் 1,20,000 பிரதி விற்றதாகப் பெயின் சொன்னார். அது மிகைப்படுத்திய கணக்கு என்று இன்றைய ஆராய்ச்சியாளர் சொல்கிறார்கள். எழுத்தாளர்கள் தங்கள் புத்தகத்தைப் பற்றிச் சொல்லும் எண்ணிக்கையைக் கொஞ்சம் கழித்துத்தான் எடுக்க வேண்டும் போலும். பெயினுக்கு அதில் ஒரு சதமும் மிஞ்சவில்லை என்பது மட்டும் உண்மை.

அதில் என்ன இருந்தது?

சமூகம் வேறு, அரசாங்கம் வேறு என்று தொடங்குகிறார். ஒருவருக்கொருவர் உதவியாக வாழ்வது சமூகம், அது நன்மை. மனிதர் தப்புச் செய்யாமல் தடுக்க வைத்துக்கொண்ட காவல்தான் அரசாங்கம், அது தவிர்க்க முடியாத ஒரு கஷ்டம். ஆகவே குறைந்த செலவில் பாதுகாப்புத் தருகிற அரசாங்கமே நல்லது என்கிறார்.

அடுத்தது ராஜா. ஆண் பெண் என்ற பேதம் இயற்கையில் உண்டு. ராஜா, குடி என்ற பேதத்தை யார் உண்டாக்கினது? சரி, முதல் ராஜா திறமைசாலியாக இருந்தார் என்றே வைப்போம். அவர் மகன் மடையனாகப் பிறந்தால்? இங்கிலாந்தின் ராஜ வம்சத்தைத் தொடக்கிவைத்த வில்லியம் யார்? ஆயுதம் ஏந்திய ஒரு கூட்டத்தோடு வந்து இறங்கி, அங்கிருந்த ஜனங்களின் சம்மதம் இல்லாமல் ஆட்சியைப் பிடித்தவன். இதில் என்ன தெய்வீகம் என்று கேட்டார். கூடவே வேதாகமத்தை எடுத்து, இஸ்ரவேல் ஜனங்கள் தங்களுக்கு ராஜா வேண்டும் என்று கேட்டபோது தீர்க்கதரிசி சாமுவேல் எப்படி எச்சரித்தார் என்ற பகுதியை விரித்து வைத்தார். அந்த ஜனங்கள் வீட்டில் வைத்திருந்த ஒரே புத்தகம் பெரும்பாலும் வேதாகமம்தான்.

மூன்றாவது, தாய்நாடு என்ற பேச்சு. பிரித்தானியா நமக்குத் தாய், தாயை எதிர்க்கலாமா என்று கேட்டவர்களுக்கு, மிருகம் கூடத் தன் குட்டியைத் தின்னாதே என்று பதில் சொன்னார். மேலும் அமெரிக்காவுக்கு வந்தவர்கள் இங்கிலாந்தில் இருந்து மட்டுமா வந்தார்கள், ஐரோப்பா முழுக்க இருந்து ஓடிவந்தவர்கள்தானே. ஒரு விஷயம் கேட்டு எழுதினால் பதில் வர மாதக்கணக்காகும் தூரத்தில் இருந்து ஒரு தீவு ஒரு கண்டத்தை ஆளுவது எந்தக் கணக்கில் சரி என்றும் கேட்டார். கடைசியில், கப்பல் கட்ட மரம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, இவ்வளவு செலவாகும் என்று கணக்கோடு எழுதினார். பழைய மதுவரிக்காரர் அல்லவா, கணக்கு அவருக்குக் கைவந்தது.

இந்த வாதங்களில் பல அவர் கண்டுபிடித்தவை அல்ல. படித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டவை. அதற்கு முன் வந்த பிரசுரங்களை வக்கீல்மாரும் கனவான்களும் எழுதினார்கள். சட்டப் பிரிவுகளும் லத்தீன் வசனங்களும் அடிக்குறிப்புகளுமாக இருக்கும். பெயின் வேதாகமத்தைத் தவிர வேறு பெரிய மேற்கோள் எதையும் நம்பியிருக்கவில்லை. கொல்லனும் செருப்புத் தைப்பவனும் விளங்கிக்கொள்கிற பேச்சில் எழுதினார். வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரத்து வாசிக்க, தவறணையிலும் படை முகாம்களிலும் மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்டார்கள். நமது லயங்களில் ஒரு பேப்பரைப் பத்துப் பேர் இப்படித்தானே கேட்டோம்.

இதை எழுதும்போது ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. சொல்லாமல் விட மனமில்லை. சில வருஷத்துக்கு முன், வேலையில் இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் ஒரு காரியாலயத்தில் இருந்து வந்த கடிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எங்களிடம் வந்தார். அவருக்கு வர வேண்டிய காசு பற்றிய கடிதம். அது அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தது. எங்களுக்கும் அரைகுறையாகத்தான் விளங்கியது. தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்ப்பித்தோம். வந்த தமிழோ, 'மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களால் சமர்ப்பிக்கப்பட வேண்டிய' என்று தொடங்கி ஒரே வசனத்தில் பதினொரு வரி. கடைசியில் அவர்கள் கேட்டது அடையாள அட்டைப் பிரதி ஒன்றைத்தான். அதைக் கண்டுபிடித்த நேரம் கொடுத்த தவணை முடிந்து ஒன்பது நாள். மறுபடி முதலில் இருந்து அலைந்து எட்டு மாதம் போனது. அந்த அம்மா எங்களைக் குறை சொல்லவில்லை. "எனக்கு விளங்கக் கூடாதுன்னே எழுதினாங்களோ தம்பி?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு நாங்கள் மற்றவர்களுக்காக எழுதும் பெட்டிசங்களை எழுதி முடித்தபின் அவர்களுக்கே வாசித்துக் காட்டி, விளங்காத சொல்லை வெட்டிவிடுகிறோம்.

அதன் பிறகு நடந்தவை

படைத் தலைவராக இருந்த ஜோர்ஜ் வொஷிங்டன் ஜனவரி முடியும்போதே அந்தப் புத்தகத்தைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். ஏப்ரலில் வட கரோலினா, மே மாதத்தில் வேர்ஜீனியா என்று ஒவ்வொரு பகுதியும் பிரிவுக்குச் சம்மதம் கொடுக்க, ஜூலை 2இல் தீர்மானம் நிறைவேறி, ஜூலை 4இல் சுதந்திரப் பிரகடனம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. புத்தகம் வந்து ஆறு மாதம் கூட ஆகவில்லை. ஒரு புத்தகம் மட்டும் இதைச் செய்தது என்று சொன்னால் அது பெருங்கதை. யுத்தம் ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது, விறகு காய்ந்துதான் இருந்தது. ஆனால் வாய்க்குள் முணுமுணுத்ததைச் சந்தியில் நின்று பேசலாம் என்ற தைரியத்தை அது கொடுத்தது.

எதிர்ப்பும் இருந்தது. ராஜ விசுவாசிகள் பதில் புத்தகம் எழுதினார்கள். நியூயோர்க்கில் அப்படி ஒரு பதிலை அச்சடித்த அச்சகத்துக்குள் ஒரு கூட்டம் புகுந்து, அச்சிட்ட தாள்களை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய் எரித்தது. சுதந்திரம் கேட்டவர்களே மற்றவன் பேச்சை எரித்ததை நாம் பெருமையாகச் சொல்ல முடியாது. பிரிவுக்காகப் பாடுபட்ட ஜோன் அடம்ஸுக்கும் பெயினின் ஆட்சித் திட்டம் பிடிக்கவில்லை. சாதாரண ஜனங்களுக்கு இவ்வளவு அதிகாரமா என்ற பயம் அவருக்கு. அவரும் பதிலுக்கு ஒரு பிரசுரம் எழுதினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நேரம் அங்கே வாழ்ந்த சுமார் 25 இலட்சம் பேரில் 5 இலட்சம் பேர் வரை அடிமைகள். சுதந்திரப் புத்தகம் அவர்களுக்காகப் பேசவில்லை. பூர்வீகக் குடிகளையும் கறுப்பு இன மக்களையும் பிரித்தானியா தங்களுக்கு எதிராகத் தூண்டிவிடுகிறது என்று அதில் ஒரு வசனம் மட்டும் வருகிறது. தோட்டங்களில் புகையிலையும் நெல்லும் விளைவித்த அந்த ஜனங்களுக்கு அடிமைத்தனம் ஒழிந்தது 1865இல். பிரஜாவுரிமை இல்லாமல் காலம் தள்ளிய பரம்பரையில் வந்த எங்களுக்கு, 'எல்லோரும்' என்று எழுதும்போது யாரை விட்டுவிட்டு எழுதுகிறார்கள் என்று தேடிப் பார்க்கும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது.

பெயின் அதோடு நிற்கவில்லை. 1787இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது 'மனித உரிமைகள்' என்ற புத்தகத்தை 1791இலும் 1792இலும் இரண்டு பாகமாக எழுதினார். நலன்புரி வேலை பார்க்கும் எங்களுக்கு அதன் இரண்டாம் பாகத்தில்தான் பிரியம் அதிகம். ஏழைக் குடும்பத்தில் 14 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் வருஷம் 4 பவுண், ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். பிரசவித்த ஏழைத் தாய்க்கு 20 ஷில்லிங். 50 வயது தாண்டியவருக்கு வருஷம் 6 பவுண், 60 தாண்டியவருக்கு 10 பவுண். வேலை தேடிப்போன இடத்தில் சொந்தபந்தம் இல்லாமல் செத்தவரின் அடக்கச் செலவு. எல்லாவற்றுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று பெரிய நிலச்சொந்தக்காரர் மீது படிப்படியாகக் கூடும் வரியோடு கணக்கும் போட்டிருந்தார். இது தர்மம் இல்லை, உரிமை என்று அழுத்திச் சொன்னார். பிரித்தானியாவில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது 1908இல். 116 வருஷம் கழித்து, அதுவும் 70 வயது தாண்டியவர்களுக்கு.

அந்தப் புத்தகத்துக்காக லண்டனில் அவர்மீது இராஜத்துரோக வழக்குப் போட்டு, 1792 டிசம்பரில் அவர் இல்லாமலே குற்றவாளி என்று தீர்த்தார்கள். அவர் அப்போது பிரான்ஸில், அந்த நாட்டுச் சபையில் உறுப்பினர். அங்கே பதவி இழந்த ராஜாவுக்கு மரண தண்டனை கூடாது, நாடு கடத்துங்கள் என்று பேசினார். ராஜாக்களை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தவர் ஒரு ராஜாவின் உயிருக்காகப் பேசினார். அதனாலும் பகை வந்து பத்து மாதத்துக்கு மேல் சிறையில் கிடந்தார். எங்கள் கணக்கில் அவர் செய்தவற்றில் பெரியது அதுதான்.

அவர் எழுத்து எமது பக்கமும் வராமல் இல்லை. பூனாவில் ஜோதிராவ் பூலே இளம் வயதில் 'மனித உரிமைகள்' புத்தகத்தைப் படித்தார். 1848இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். சாதிக்கொடுமை பற்றி 1873இல் எழுதிய 'குலாம்கிரி' என்ற புத்தகத்தை, அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்க ஜனங்களுக்குக் காணிக்கையாக்கினார்.

பெயின் 1802இல் அமெரிக்காவுக்குத் திரும்பியபோது வரவேற்க ஆள் இல்லை. மதகுருமாரையும் வேதாகமத்தையும் விமர்சித்து இடையில் எழுதிய புத்தகத்தால் முன்பு கொண்டாடியவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 1809 ஜூன் 8இல் நியூயோர்க்கில் காலமானார். அடக்கத்துக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். பத்து வருஷம் கழித்து வில்லியம் கொபெட் என்ற இங்கிலாந்துப் பத்திரிகைக்காரர், பெரிய நினைவுச் சின்னம் கட்டப்போவதாகச் சொல்லி எலும்புகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு கப்பலேறினார். சின்னம் கட்டப் பணம் சேரவில்லை. கொபெட் இறந்த பிறகு அந்த எலும்புகளும் எங்கோ தொலைந்துபோயின.

கேள்வி கேட்ட பிள்ளைக்கு இவ்வளவையும் ஒரு மாலையில் சொன்னோம். தாயும் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த மதுவரிக்காரங்களுக்குச் சம்பளம் கூட்டினாங்களா இல்லையா?" பெயின் கேட்டபோது கூட்டவில்லை என்று சொன்னோம். மகளின் புத்தகப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.